மலைப் பக்கமா, ரயில் பக்கமா

கொடி பொறித்த டிராக் சூட்டில் புருஷனின் பழைய கூட்டாளி சமுத்திரம் நிற்கிற படத்தை முனீஸ்வரி மறுபடியும் அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"அண்ணன் எம்புட்டு எடுப்பா இருக்காவ பாருங்க. ஒரு நாட்டு டீமுக்கே கோல்கீப்பர் கோச்சாம்!"

"நாடா அது? நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க்கூட்டத்துல பாதி தேறாது" என்றான் பாண்டிச்செல்வம். சொல்லியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அது ஒரு சின்னத் தீவு. பட்டாளத்திலிருந்து வந்த சமுத்திரம் அங்கே ஓட்டல் காவலுக்குப் போனான். உள்ளூர்ப் பையன்களைப் பழக்கிப் பழக்கி, தேசிய அணிக்கே வந்துவிட்டான். தரவரிசையின் அடியில் கிடக்கிற நாலு நாடுகளுக்கு ஒரு தகுதிச்சுற்று. ஜெயிக்கிற ஒன்றுதான் பெரிய போட்டிக்குள் நுழையும். இன்று சாயங்காலம் இறுதி ஆட்டம்.

ராஜபாளையம் மைதானத்தில் பாண்டிச்செல்வம்தான் முதல் கோல்கீப்பர். சமுத்திரம் தண்ணீர் பாட்டில் தூக்கின மாற்று ஆள். பட்டாளத்து ஆளெடுப்புக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். மார்பளவில் தவறிய பாண்டிச்செல்வம், இன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணி மில்லுக்குப் பஸ் ஏறிக்கொண்டிருக்கிறான்.

மில்லில் டீ குடிக்கும்போது வாட்ஸப்பில் சமுத்திரத்தின் குரல் வந்தது.

"ஏலே மாப்ள, எதிர் டீம்காரன் பெனால்ட்டி அடிச்ச வீடியோவெல்லாம் அனுப்பிருக்கேன். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அடிக்கான், எனக்குப் பிடிபடல. நெருக்கடியில எங்கிட்டு அடிப்பான்? மலையா, ரயிலா? உன் கண்ணுக்குத்தாம்ல சிக்கும்."

அந்த மைதானத்தில் இருந்தது ஒரே கோல்போஸ்ட். அதில் நின்றால் வலக்கைப் பக்கம் மலை, இடக்கைப் பக்கம் ரயில் ரோடு. அவர்கள் இருவருக்கும் வலது இடது என்று ஒன்று கிடையாது; எந்த ஊர் மைதானமானாலும் மலை, ரயில்தான்.

பாண்டிச்செல்வம் டீ ஆறும்வரை பார்த்தான். சும்மா ஆட்டத்தில் மாற்றி அடிக்கிறவன், ஆட்டம் கைமீறும்போதெல்லாம் ரயில் பக்கமே அடித்திருந்தான்.

"மலைதாம்ல" என்று பேசி அனுப்பினான். "ஆண்டாள் சத்தியமா மலை."

அனுப்பியதும் அழித்துவிடலாம் என்று விரல் போனது. அப்போது பார்த்துச் சமுத்திரத்தின் புதுப் படம் வந்து விழுந்தது: டீம் பஸ், முன் சீட்டு, கறுப்புக் கண்ணாடி. விரலை எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் வீட்டில் போனைச் செம்பில் சாய்த்துவைத்துப் பார்த்தார்கள். தீவுக்காரர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள். முடிகிற நேரத்தில் எதிரணிக்குப் பெனால்ட்டி. அதே ஆள்தான் வந்தான். பந்து ரயில் பக்கம் போனது.

தீவுக்காரக் கோல்கீப்பரும் ரயில் பக்கமே தாவிப் பிடித்தான்.

முனீஸ்வரி கைதட்டினாள். பாண்டிச்செல்வம் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். விசில் ஊதிச் செத்த நேரத்தில் போன் அடித்தது.

"ஜெயிச்சிட்டோம்ல!"

"நான் மலைன்னுல்ல சொன்னேன்?"

"வெறும் மலைன்னு சொல்லிருந்தா நம்பிருப்பேன். மெய்யச் சொல்லுறப்ப நீ என்னைக்குல சத்தியம் பண்ணிருக்க? அதான் எங்க கோல்கீப்பர் பையன்ட்ட ரயில் பக்கமாக் கையக் காட்டிட்டேன்." சமுத்திரம் சிரித்தான்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிச் சமாளித்திருப்பான். இந்தச் சிரிப்பை என்ன செய்வது? அங்கே யாரோ "கோச், கோச்" என்று கூப்பிடுவது கேட்டது. அடங்கியிருந்த வயிறு மறுபடி எரிந்தது.

"டிவிக்காரனும் வந்து நிக்கான்ல."

"அவன் மைக்க நீட்டுனா, என் பேரையும் சொல்லுவியால?"

சமுத்திரத்தின் சிரிப்பு நின்றது.

"சொல்லுதேன் மாப்ள. நீ என்ன சொல்லிக்குடுத்தேன்னு கேட்டா, என்னத்தச் சொல்ல?"