யாரும் திறக்காத புத்தகம்

ஜெனெல் வீட்டில் அழுக்குத் துணி தீர்ந்ததாகச் சரித்திரமே இல்லை. மிசூரி மாநிலத்தின் பிப்ரவரிச் சேறு கோழிக்கூட்டிலிருந்து பிள்ளைகளின் காலோடு வந்து படுக்கை வரை ஏறிவிடும். மூன்று பிள்ளைகள். வீடேதான் பள்ளிக்கூடம், சமையலறை மேசைதான் வகுப்பு. டீச்சரும் அவள்தான், ஆயாவும் அவள்தான். விடிந்தால் ஓட்ஸ் கஞ்சி, கஞ்சியோடு வேதம். ஒரே வேதாகமம் கை மாறும். முந்தின இரவு அப்பா வாசித்துக் காட்டியதையே பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் சத்தமாக வாசிக்க, அவள் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

ஒன்பது வயது திர்சா வாசிக்கும்போது மட்டும் தேய்ப்பது நின்றுவிடும். அவ்வளவு அழகாக வாசிப்பாள். எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. இவளைப் பார்த்துத்தான் மார்லா, வெள்ளிக்கிழமை கூட்டத்தில் புதிய தாய்மாருக்கு ஜெனெலே பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் குடும்பங்களை சர்ச்சில் வாரம் ஒருமுறை ஒன்றுகூட்டுகிறவள் மார்லா. அவள் சொல்லைத் தட்டிவிட்டு அந்த ஊரில் நிம்மதியாக இருக்க முடியாது.

புதன்கிழமை காலை, கைக்குழந்தை ஓபேத் மேப்பிள் பாகுக் குப்பியை வேதாகமத்தின் மேல் கவிழ்த்தான். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோபப்படக்கூட ஜெனெலுக்குத் தெம்பில்லை. நாத்தனார் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்திருந்த புது வேதாகமத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். இன்றைய பேச்சு நடையில் எளிமையாக எழுதிய மொழிபெயர்ப்பு, உறைகூடப் பிரிக்கவில்லை. மூத்தவன் ஜட்சன் உறையைக் கிழித்து, முந்தின இரவு அப்பா வாசித்த சங்கீதப் பாடலைத் தேடி எடுத்துத் தங்கையிடம் நீட்டினான்.

திர்சா வரிமேல் விரலை ஓட்டி வாசித்தாள். வழக்கம்போல் அழகு. ஆனால் ஜெனெலின் காதில் ஏதோ இடறியது. இவள் சொல்வதெல்லாம் பழைய புத்தகத்தின் சொற்கள் அல்லவா? ஈரக்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த சொற்கள் வேறு.

"இந்த ஒரு வரியை மட்டும் வாசி, கண்ணு."

திர்சாவின் காது மடல் சிவந்தது. புத்தகத்தை மூடிவைத்தாள்.

"அவ எப்பவும் அப்படித்தாம்மா," என்றான் ஜட்சன், கஞ்சியை வழித்தபடி. "அப்பா வாசிக்கிறது அவளுக்கு ஒரே தரத்துல மனசுல நின்னுரும். கணக்குப் புத்தகத்தை நான் வாசிச்சுச் சொல்லுவேன். அதுக்குக் கூலியா அவ என் கோழிக்கூட்டைக் கழுவுவா."

"வாயை மூடுறா, கஞ்சி மூஞ்சி!" திர்சா அவனை உதைத்தாள். பிறகு அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்: "உங்களுக்கெல்லாம் எழுத்து ஏதோ சொல்லுது. என்கிட்ட மட்டும் பேச மாட்டேங்குது."

ஜெனெல் நாற்காலியில் உட்கார்ந்தாள். எத்தனை பெண்களிடம் எவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கிறாள்: பழம் பழுத்தால் தானே விழும், பிள்ளையை அவசரப்படுத்தாதீர்கள் என்று. தன் வீட்டுக் காயைத் தானே தொட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கணவன் கர்ட் ஹீட்டர் பழுது பார்க்கும் வேலையிலிருந்து கை கறுத்து வந்தான். ஆறிப்போன பீன்ஸை நின்றபடியே தின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டான்.

"டவுன் ஸ்கூல்ல ஒரு டீச்சரம்மா இருக்காங்க. அவங்க வீட்டு ஹீட்டரை நான்தான் சரி பண்ணேன். வாசிக்க வராத பிள்ளைங்களைப் பாக்குறதுதான் அவங்க வேலையே."

"ஸ்கூலா? மார்லாவுக்குத் தெரிஞ்சா?"

"திங்கக்கிழமை போவோம். அதுவரைக்கும் மூச்சு விடாத. வெள்ளிக்கிழமை பேச்சை முதல்ல முடி."

"என்னன்னு பேசுறது, கர்ட்? எங்க பிள்ளை கிளி மாதிரி ஒப்பிக்கும், அதைப் பாத்து நீங்களும் கத்துக்கோங்கன்னா?"

கர்ட் தட்டைக் கழுவிவைத்தான். அவனும் களைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபி வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும். மடக்கு நாற்காலிகளில் இளம் தாய்மார், சிலர் மடியில் பச்சைக் குழந்தைகள். எல்லார் கண்ணிலும் தூக்கம் பாக்கி இருந்தது. மார்லா கையைத் தட்டினாள்.

"ஜெனெல் பேசுறதுக்கு முன்னாடி, அவ வளர்ப்பு எப்படின்னு கேளுங்க. திர்சா தங்கம், இங்க வா. ஒரு சங்கீதம் வாசி."

தன் சொந்த வேதாகமத்தைச் சிறுமியின் கையில் வைத்தாள்.

"எந்தச் சங்கீதம், மிஸ் மார்லா?" என்று திர்சா இனிமையாகக் கேட்டாள். எண் தெரிந்தால் போதும், மனப்பாடமாக ஒப்பித்துத் தப்பித்துவிடுவாள். அந்தக் கேள்வியின் சாமர்த்தியம் ஜெனெலுக்கு மட்டும் புரிந்தது. இன்று இவளைத் தப்பவிட்டால் இந்த வித்தையிலேயே வளர்ந்துவிடுவாள். தானும் கூட இருந்து கைதட்டியவளாவாள்.

எழுந்து போய் மகளின் கையிலிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "மாடியில ஜட்சன்கிட்ட தம்பி அழுவுறான் போல. போய்ப் பாரு, கண்ணு."

ஓபேத் அழவே இல்லை. திர்சா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியேறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை ஜெனெல் காத்திருந்தாள்.

"அவளுக்கு வாசிக்கத் தெரியாது," என்றாள். "புதன்கிழமை வரைக்கும் எனக்கே தெரியாது. திங்கக்கிழமை டவுன் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன், பாக்கச் சொல்லி."

மார்லாவின் சிரிப்பு முகத்திலேயே உறைந்து நின்றது.

"நான் புத்தி சொல்லத்தான் வந்தேன். சொல்றதுக்கு ஒண்ணுதான் மிச்சம். உங்க வீட்டுல யாரும் திறக்காத புத்தகம் ஒண்ணை எடுங்க. பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு பிள்ளை பக்கத்துல உக்காருங்க. வாசிக்கச் சொல்லுங்க. காதால கேட்டா போதாது, கண்ணால பாருங்க."

அவ்வளவுதான் பேச்சு. பின்வரிசையில் ஒருத்தி மட்டும் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "எந்த வயசுல இருந்து?" என்று மெதுவாகக் கேட்டாள். "இன்னைக்கே பாரும்மா," என்றாள் ஜெனெல்.

வாசலில் மார்லா வழிமறித்தாள். "எங்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம். எல்லார் முன்னாடியும் என்னையில்ல தலைகுனிய வச்சிட்ட."

"ஆமா. சொல்லியிருக்கலாம்." வாதாட ஜெனெலுக்குச் சக்தி இல்லை.

வேனில் திர்சா முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். திங்கக்கிழமை டவுன் டீச்சர்கிட்ட போறோம்னும் சொன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"இல்ல. பயந்துட்டாங்க."

திர்சா யோசித்தாள். "அந்த டீச்சருக்கு ஒப்பிச்சுக் காட்டலாமா? கடைசில மட்டும்?"

"கடைசில காட்டு. முதல்ல தெரியாததைக் காட்டு."

"அப்ப கோழிக்கூட்டை இனி ஜட்சனே கழுவணும்," என்றாள் திர்சா. பின்சீட்டிலிருந்து ஜட்சன் முனகினான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான், முந்தின நாள் மெஷினில் போட்ட துணியை எடுக்காமல் விட்டது ஜெனெலுக்கு நினைவு வந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. மறுபடியும் சோப்பைப் போட்டு, பொத்தானை அழுத்தி, மெஷின் மேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.