புஷ்பராணி வாயில் சுமந்த மீன்கள்

1981 ஐப்பசியில், கந்த சஷ்டியின் மூன்றாம் நாள், பினாங்கில் ஜாலான் டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்புறமுள்ள வரிசை வீடு ஒன்றில் புஷ்பராணி ஒரு மீனின் முட்டைகளைத் தன் வாயில் வாங்கிக்கொண்டாள். அன்று மத்தியானம் வரை மழை. பாலிக் புலாவ் ஜாதிக்காய் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

மீன்கள் அவள் கணவர் கதிர்காமநாதனுடையவை. அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் கிராணியாக இருந்த அவருக்கு இரண்டே பிடிவாதங்கள்: சொன்ன சொல் மாறக் கூடாது, மீன் சாகக் கூடாது. ஆப்பிரிக்காவின் பெரிய ஏரியிலிருந்து வந்த அந்த மீன்கள் மற்ற தொட்டி மீன்களைப்போல் கல்லிடுக்கில் ஒளியவில்லை, தரையைக் கிளறவில்லை. நடுத்தண்ணீரில் கூட்டமாக நின்றன. அவற்றுக்கு இடம் வேண்டுமென்று சோபாவை எடுத்துவிட்டு ஹாலில் ஆறடித் தொட்டி வைத்தார். வீட்டுக்கு வந்தவர்கள் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். பினாங்குக் குழாய்த் தண்ணீர் அவற்றுக்கு ஆகாது, சுண்ணாம்பு ஏறிய தண்ணீர் வேண்டும் என்று மீன் கடை பஷீர் சொன்னார். அதற்காகச் சார் கோய் தியாவ் என்ற நூடுல்ஸ் வறுக்கும் கடைகளிலிருந்து கெராங் சிப்பியின் ஓடுகளைப் பை பையாய் வாங்கி வந்து, கழுவி நொறுக்கித் தொட்டியில் பரப்பினார். மீன்கள் செழித்தன.

தப்பு சஷ்டியில் நடந்தது. விரதத்துக்கு வீடு கழுவிய புஷ்பராணி, மச்சம் சமைத்த சட்டிகளை மூட்டை கட்டி வெளியே வைத்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தாள். உயிரோடு நீந்துகிற மீனில் குற்றமில்லை. ஆனால் எவனோ தின்று துப்பிய கெராங் ஓடு முருகன் படத்துக்கு எதிரே கிடக்கலாமா? ஒன்று விடாமல் அள்ளிக் குப்பையில் போட்டாள். பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுக் குழாய்த் தண்ணீர் நிரப்பினாள். கணவர் கெப்பாலா பத்தாஸ் ஊருக்கு வேலையாகப் போயிருந்தார். மூன்றாம் நாள் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன.

இந்த இனத்தில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகள் தனியே நீந்தும்வரை எதுவும் தின்னாது. அப்படி வாய் நிறைந்த ஒரு தாய் மட்டும் மிஞ்சியிருந்தது. “முருகா, நானே கொன்னுட்டேனே!” என்று புஷ்பராணி அழுதபடி குனிந்தாள். உதடு தண்ணீரில் பட்டது. தாய்மீன் மேலே வந்து முட்டைகளை அவள் வாயில் விட்டுவிட்டு அடியில் போய்ப் படுத்தது.

சஷ்டிக்கு மௌன விரதம் இருப்பவர்கள் பினாங்கில் எத்தனையோ பேர். அதனால் அவள் பேசாததும் உண்ணாததும் தெருவில் யாருக்கும் விசேஷமாகப் படவில்லை. சூரசம்ஹாரம் முடிந்தும் வாய் திறக்காதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பஷீர் வந்து தொட்டியில் ஓடுகளை மறுபடி பரப்பினார். “தண்ணி பழையபடி ஆக நாளாகும்லா. அதுவரைக்கும் இப்படியே வச்சுக்குங்க அக்கா, மீனே செய்யுதே” என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்பராணி ஓடு ஊறிய தண்ணீரை உதட்டோரமாக உறிஞ்சுவாள், கசியவிடுவாள். உட்கார்ந்தே தூங்கினாள். இருமல் வந்துவிடுமோ என்பதே அவள் பயம். ஊர் திரும்பிய கதிர்காமநாதன் காலையும் மாலையும் டார்ச் அடித்து உதட்டிடுக்கில் பார்ப்பார். “குஞ்சு வயித்துல மஞ்சக்கரு இன்னும் கரையல புஷ்பம். இப்ப வெளிய வந்தா ஒண்ணும் பிழைக்காது. தொறந்துடாதே” என்று கெஞ்சுவார். மெலிந்துபோன மனைவியைவிடக் குஞ்சுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். நமக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அவர்கள் ஒரே மகள் யோகலட்சுமியை நிச்சயம் செய்ய, கடலுக்கு அந்தப் பக்கமுள்ள பட்டர்வொர்த்திலிருந்து கனகசுந்தரம் குடும்பம் வருவதாகச் சொல்லி அனுப்பியது. மாப்பிள்ளையாக வரவிருந்த அவர் மகன் ஆனந்தராஜாவோடு அவள் ஒருமுறை ஃபெரியில் போயிருந்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தபோது, “பொம்பள இப்படி வாயைத் தொறந்து சிரிக்கக் கூடாது” என்று தன் கைக்குட்டையை அவள் வாயில் வைத்து அழுத்தினான். மூச்சு முட்டும்வரை எடுக்கவில்லை.

சமையலறையில் அம்மாவிடம் இதைச் சொன்னாள். “எனக்கு அந்த ஆளு வேணாம்மா. அப்பாகிட்ட சொல்லிட்டேன். அம்மா வாயால சொல்லட்டும், கேட்டுக்கறேன்றாரு. வேற ஒண்ணும் பேச மாட்டேன்றாரு.”

புஷ்பராணி கணவரிடம் மறுப்பாகத் தலையை ஆட்டினாள், கையை விரித்துக் காட்டினாள். “வாயால சொன்னாத்தான்” என்றார் அவர். வாய் ஏன் திறக்காது என்று அவருக்குத் தெரியும். இதில் கள்ளம் இருந்ததா, வெறும் பிடிவாதமா என்று தெரு இன்றுவரை முடிவு செய்யவில்லை. புஷ்பராணிக்கு நாக்கின்மேல் குஞ்சுகள் புரளுவது தெரிந்தது. ஏற்கெனவே ஒரு தொட்டியைக் கொன்ற கை. இவற்றையும் கொல்ல மனம் வரவில்லை. மகளைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர்கள் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். வெற்றிலை, பழம், மஞ்சளோடு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கனகசுந்தரம் கேட்டார்: “தாயார் என்ன சொல்றாங்க?”

ஹாலில் தொட்டியின் காற்றுப் பம்பு மட்டும் சத்தமிட்டது.

“மௌனம் சம்மதம்தானே” என்று சிரித்தார் கனகசுந்தரம். கதிர்காமநாதன் தட்டை வாங்கக் கைகளை நீட்டினார். ஆனந்தராஜா சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். யோகலட்சுமியின் கை தானாகவே தன் வாயைப் பொத்திக்கொண்டது. புஷ்பராணி அதைப் பார்த்தாள்.

“வேண்டாம்” என்றாள்.

குஞ்சுகள் வெளியே வந்தன. கீழே விழவில்லை. சுவரோரம் போகாமல், தரைக்கு இறங்காமல், ஹாலின் நடுவே காற்றில் ஒரே கூட்டமாக நின்றன. “என் மகளை உங்க வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்” என்று அவள் சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. கனகசுந்தரத்தின் மனைவி பலகாரத்தை மட்டும் கையால் மூடிக்கொண்டாள். அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்து யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. ஃபெரியில் சிரித்ததைவிடப் பெரிதாக, வாய் முழுக்கத் திறந்து சிரித்தாள். கனகசுந்தரத்தின் கையிலிருந்து தட்டு நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்தில் மிரண்ட குஞ்சுகள், தாய் வாயைத் தேடும் வழக்கப்படி, பாதி புஷ்பராணி வாய்க்குள்ளும் பாதி யோகலட்சுமி வாய்க்குள்ளும் ஓடி ஒளிந்தன.

பட்டர்வொர்த்துக்காரர்கள் அடுத்த ஃபெரியில் போய்விட்டார்கள். கதிர்காமநாதன் சொன்ன சொல் மாறவில்லை. வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். தண்ணீர் பழையபடி ஆனதும் தாயும் மகளும் தொட்டிமேல் குனிந்து குஞ்சுகளை இறக்கிவிட்டார்கள். ஒன்றுகூடச் சாகவில்லை. பினாங்குக்கும் பட்டர்வொர்த் கரைக்கும் நடுவே பாலம் திறந்த வருஷம் யோகலட்சுமி தனக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைக் கட்டிக்கொண்டு நாலு வீடு தள்ளிக் குடிபோனாள். இடி இடித்தால் மீன்கள் தொட்டியை விட்டு வெளியேறும். பாதி ஹாலோடு நின்றுவிடும், பாதி தெருவழியே நாலாவது வீட்டுக்குப் போகும். கெராமாட்டில் மழைக்காலத்தில் ஜன்னலை ஒரு சாண் திறந்து வைப்பது அதனால்தான். இடி ஓயும்வரை அம்மாவும் மகளும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஓய்ந்ததும், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குவார்கள்.