அண்ணன் கொடுத்த மூட்டை

புயலில் மலைமேல் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பு மொத்தமும் கூரை இழந்துவிட்டது. என்ன வேண்டும் என்று அவர்களுடைய தலைவியிடமே போன் போட்டுக் கேட்டேன்.

"துணிமணி வேணாம்மா. தார்ப்பாயும் கயிறும் அனுப்புங்க. மூங்கில் காட்டுல இருக்கு, கூரையை நாங்களே போட்டுக்குவோம்."

அதைத் தெரு முழுக்கச் சொன்னேன். சிலர் தார்ப்பாய் வாங்கித் தந்தார்கள். என் சொந்த அண்ணன் மட்டும் மூன்று மூட்டைத் துணியை இறக்கினான். ஜிப் போன பேன்ட், அக்குள் கிழிந்த கோட்டு, ஒற்றைச் செருப்பு.

"துணி வேணாம்னுதானே சொன்னாங்க?"

"இல்லாதவங்களுக்கு என்ன பேச்சு? குடுக்கறதை வாங்கிக்கட்டும். நமக்குப் புண்ணியம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரை போனால் வாயும் போய்விட வேண்டுமா?

மறுநாள் தார்ப்பாயும் கயிறும் மலைக்குப் போயின. அண்ணனுடைய மூட்டைகளை அவன் வீட்டுக்கே கொண்டுபோய், புது சோபாவின் மேல் கொட்டினேன்.

"என்னடி இது, வீடெல்லாம் குப்பை!" என்று கத்தினான்.

"குப்பையா? நேத்து இதைப் புண்ணியம்னுதானே சொன்னே?"