வலது கை மட்டும்

அக்கா பல்கலைக்கழகத்தில் அரசியல் கோட்பாடு படிக்கச் சேர்ந்த வருடம்தான் எங்கள் வீட்டில் ஓட்டுப் போடும் வழக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்ததும் நான்கு பேரும் முன்னறையில் உட்காருவோம். அக்கா கேள்வியைச் சொல்வாள். நாங்கள் கை தூக்குவோம்.

“சத்தமா பேசுறவங்ககிட்டதான் அதிகாரம் இருக்குன்னு நினைக்கிறோம். அப்படி இல்ல. எதைப் பேசணும், எதைப் பேசக் கூடாதுன்னு யார் முடிவு பண்றாங்களோ, அவங்ககிட்டதான் அது இருக்கு” என்றாள் ஒருநாள்.

“இதைக் கத்துக்கவா இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போற? உங்கம்மாவைக் கேட்டிருந்தா அடுப்படியிலேயே சொல்லியிருப்பாளே” என்றார் அப்பா.

அப்பா பெயின்டர். ஊரார் சுவருக்கெல்லாம் நிறம் கொடுத்தவர். எங்கள் முன்னறைச் சுவர் மட்டும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது. முதல் ஓட்டே அதற்குத்தான். அப்பாவும் நானும் பச்சை; அம்மாவும் அக்காவும் நீலம். சமமாக வந்ததும் அப்பா இடது கையையும் தூக்கினார்.

“இது என்னப்பா?” என்றாள் அக்கா.

“ஒரு கை வலிச்சா இன்னொரு கையாலதானே அடிக்கிறேன்? ரெண்டுக்கும் ஓட்டு உண்டு.”

“கள்ள ஓட்டு. இனிமே வலது கை மட்டும்தான் கணக்கு.”

சமமாக வந்தால் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்றும் ஒரு விதி வைத்தாள். சுவர் உதிர்ந்துகொண்டே இருந்தது. அதற்குப் பிறகும் அப்பா வேண்டுமென்றே இடது கையைத் தூக்குவார். “வலது கை” என்பாள் அக்கா. “சரிங்க சபாநாயகரே” என்று கையை மாற்றிக்கொள்வார். எத்தனை தடவை நடந்தாலும் அம்மா சிரிப்பாள்.

அக்காவின் கடைசி வருடத்தில், ஏதோ ஒரு கட்டடத்தின் சாரத்திலேயே அப்பா சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. ஆனால் நாங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது. அம்மா சலவைக்கூடத்தில் வேலை பார்த்துத்தான் வீடு நடந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க, துடைக்க, ஊட்ட, பகல் முழுவதும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பள்ளி விடுமுறை என்பதால் நான் பார்த்துக்கொண்டேன். பள்ளி திறந்ததும் ஒன்று நான் படிப்பை விட வேண்டும். இல்லையென்றால் அப்பா பராமரிப்பு இல்லத்துக்குப் போக வேண்டும்.

“அவரை வெச்சுக்கிட்டுதான் முடிவெடுக்கணும். முதுகுக்குப் பின்னாடி பேசினா அது சதி” என்றாள் அக்கா. கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம்.

“அப்பா இல்லத்துக்குப் போகலாம்ங்கறவங்க?”

அவளே முதலில் தூக்கினாள். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினாள்.

“வீட்டிலேயே இருக்கட்டும்ங்கறவங்க?”

நான் தூக்கினேன்.

“நீ படிக்கணும்டி” என்றாள் அம்மா.

போர்வை அசைந்தது. அப்பாவின் இடது கை மெல்ல மேலே வந்தது.

“வலது கை” என்றாள் அக்கா.

வாய்ப் பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. அப்பாவின் முகம் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. கை இறங்கியது.

“அப்பா, நான்…”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா எழுந்து போய் அவருடைய சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள். அவர் கையையும் சேர்த்தால் சமம், சமமென்றால் அப்பா வீட்டில்தான் என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா இல்லத்துக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம்.

ஒருநாள் அக்கா வகுப்பிலிருந்து பாதியிலேயே வந்துவிட்டாள். பேராசிரியர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தாளாம்: ‘ஒவ்வொரு விதியும் யாரோ ஒரு ஆளை மனசுல வெச்சு எழுதப்படுது. அந்த ஆள் மாறிப் போயிடுவார். விதி மாறாது.’ அதற்கு மேல் பேனா ஓடவில்லை என்றாள். பள்ளி வாசலில் காத்திருந்து என்னை அழைத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்த அம்மாவையும் சேர்த்துக்கொண்டு இல்லத்துக்குப் போனோம்.

அப்பா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். எதிரே நன்றாகப் பூசிய வெள்ளைச் சுவர்.

“விதியை மாத்திட்டேம்பா” என்றாள் அக்கா. “எந்தக் கையா இருந்தாலும் கணக்குதான். வீட்டுக்கு வரணும்னா தூக்குங்க.”

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்வை என் பள்ளிச் சீருடையில் கொஞ்ச நேரம் நின்றது. இடது கை எழுந்தது. அந்தக் கை மேலே போகவில்லை. மார்பைத் தாண்டி, செத்துக் கிடந்த வலது கையின் மேல் போய் விழுந்து, அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“தூக்குங்கப்பா. உங்களுக்கு வரணும்னு இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

குனிந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடது கையைத் தூக்கப் பார்த்தாள். அது வரவில்லை.

“விடுடி” என்றாள் அம்மா. “அது கள்ள ஓட்டு.”