இடது பக்கமாகப் போன ஃபவ்வாஸ்

ஃபவ்வாஸ் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு, சட்டைக் கையை மடித்துக்கொண்டே, வீட்டை விட்டு இடது பக்கமாகப் போய்விட்டான். போவதற்கு ஆன நேரம் முந்நூறு மில்லிநொடி, அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தக் கணக்கு அவன் மனைவி லமீஸுக்குத் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தை வைத்தவளே அவள்தான். ஜோர்டானின் அம்மான் நகரத்து அஷ்ரஃபிய்யா குன்றிலிருந்து எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். குவைத்துக்குப் போனவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, கல்லறைக்குப் போனவர்கள் உண்டு. எல்லாரும் வலது பக்கமாகத்தான் போனார்கள். இடது பக்கமாகப் போனவன் இவன் ஒருவன்தான்.

லமீஸ் என்ன வேலை பார்க்கிறாள் என்பதை அவள் மாமியார் உம்மு ஃபவ்வாஸுக்கு ஒன்பது வருடமாக யாராலும் புரியவைக்க முடியவில்லை. தொடுதிரையில் விரலை வைத்துத் தள்ளினால் ஒரு பக்கம் போய் இன்னொரு பக்கம் வரும் இல்லையா, போகிற பக்கத்தையும் வருகிற பக்கத்தையும் வேறு ஆட்கள் செய்வார்கள். நடுவில் நடக்கும் நகர்வு லமீஸுடையது. எந்தத் திசையில் நகரவேண்டும், எவ்வளவு நேரம், கடைசியில் மெல்ல அடங்கவேண்டுமா, சட்டென்று நிற்கவேண்டுமா, எல்லாம் அவள் சொல்வதுதான். "வர்றதுமில்ல, போறதுமில்ல, நடுவுல சும்மா கெடக்குற நேரத்துக்காடி உனக்குச் சம்பளம் குடுக்குறான்?" என்று கிழவி கேட்பாள். லமீஸ் "ஆமா அத்தை" என்பாள். கிழவிக்குத் திரைகளோடு ஏற்கெனவே ஒரு பகை இருந்தது. அவளுடையது காய்ந்த விரல். எத்தனை தடவை அழுத்தினாலும் திரை அதை விரலாகவே மதிப்பதில்லை.

அந்த நிறுவனத்தின் திரைகளை முதலில் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்தில் மாட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் அங்கே யாரும் நடப்பதில்லை என்று ஆயிற்று. எண் வந்ததும் காத்திருக்கும் கூடம் வலது பக்கமாக நகர்ந்து போகும், இடது பக்கத்திலிருந்து குமாஸ்தா உட்காரும் சன்னல்மேடை வந்து முன்னால் நிற்கும். முட்டிவலிக்காரர்கள் வாழ்த்தினார்கள், டாக்ஸிக்காரர்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களும் பழகிக்கொண்டார்கள். இரண்டாம் வருடம் வீடுகளுக்கும் வந்துவிட்டது. வாசல் சுவரில் ஒரு கையகலத் திரை, அதைத் தள்ளினால் நீங்கள் நிற்கும் இடம் உங்களைத் தூக்கிக்கொண்டு நகரும். நாம் வலமிருந்து இடமாகப் படிக்கிறவர்கள். படித்து முடித்தது வலப்பக்கம் கிடக்கும், இனி வரவேண்டியது இடப்பக்கம் காத்திருக்கும். அதனால் போகிறவர்கள் வலப்பக்கமாகப் போனார்கள், மாலையில் எதிர்த்திசையில் தள்ளினால் அதே வலப்பக்கத்திலிருந்து வந்தார்கள். திரும்பி வருகிறவருக்கு அவர் விட்டுப்போன இடம் காலியாகக் கிடக்கும், ஆகவே யாரும் ஒதுங்கவேண்டியதில்லை. புதிதாக வருவதுதான் இடது பக்கத்திலிருந்து வரும், புதுமணப்பெண்ணோ புது ஃபிரிட்ஜோ எதுவானாலும். புதிதாக வருவதற்கு இடம் ஒதுக்கியிருக்காது. ஒன்று போனால்தான் ஒன்று.

தவறு நடந்தது இப்படி. புதிதாக எழுதியதை அவரவர் வீட்டுச் சுவர்த்திரையில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்புவது என்று அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம். திங்கட்கிழமை லமீஸ் கொண்டுவந்தது ஜெர்மனிக்காரர்களுக்கானது. அவர்கள் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள், அவர்களிடம் போகிறவன் இடது பக்கமாகப் போவான். நம் வீட்டில் போடுவதற்கு முன் "கண்ணாடி" என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறி போட்டால் போதும், திசை புரண்டுகொள்ளும். ஒன்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு போட்ட குறி. அன்றைக்குப் போடவில்லை. மறந்துவிட்டாளா, மறக்கட்டும் என்று விட்டாளா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள், கிழவி நேராகவே கேட்டாள், லமீஸும் தன்னையே கேட்டுப் பார்த்தாள். அதற்கு ஏழு மாதம் முன்னால் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் ஃபவ்வாஸ் முன்கூட்டி வாங்கிவைத்திருந்த தொட்டிலைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழு மாதமும் இருவரும் ஒரே வீட்டில் ஒருவர் போனதும் ஒருவர் வந்துகொண்டிருந்தார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல இருந்தது லமீஸுக்கு. கடித்தாலும் தெரியாது.

அன்று மாலை ஃபவ்வாஸ் வரவில்லை. லமீஸ் திரையை எதிர்த்திசையில் தள்ளினாள். வலப்பக்கத்திலிருந்து மூன்று வருடம் முன்னால் விற்ற சோபா வந்தது. இன்னொரு முறை தள்ளினாள். ஃபவ்வாஸின் அப்பா, ஆறு வருடம் முன்னால் இறந்துபோனவர், கோடுபோட்ட பைஜாமாவில் பல் பிரஷோடு வந்து நின்றார். உம்மு ஃபவ்வாஸ் கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்கள யாரு கூப்பிட்டா அபூ ஃபவ்வாஸ்?" என்றாள். "தெரியல. யாரோ தள்ளினாங்க." "பையனத் தேடுறோம். அங்க இருக்கானா?" "அங்க இல்லையே," என்றார் அவர், சுற்றிப் பார்த்தார், சுவருக்கு எப்போது பச்சை அடித்தீர்கள் என்று விசாரித்தார், வாய் கொப்பளித்துவிட்டுப் போய்விட்டார். கிழவி அன்று மக்லூபாச் சோற்றில் உப்பு போட மறந்தாள்.

மறுநாள் லமீஸின் மேலாளர் ஜிர்யெஸ் வந்து திரையைக் கழற்றிப் பார்த்தார். நல்ல மனிதர், மென்மையாகப் பேசத் தெரியாதவர். "உன் புருஷன் தொலையல, லமீஸ். தப்பான பக்கம் போயிட்டான். நம்ம ஊர்க் கணக்குல அவன் போனவன் இல்ல, இன்னும் வராதவன்." அதையேதான் பதிவு அலுவலகத்திலும் சொன்னார்கள். குடும்பப் பதிவேட்டில் அவன் பெயர் இருந்த வரி வெற்றாக இருந்தது. இனி பிறக்கவேண்டியவர்களின் பட்டியலில் இருக்கலாம், அந்தப் பட்டியலைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்றார் குமாஸ்தா. மூன்று நாள் துக்கம் வைக்கலாமா என்று கிழவி பள்ளிவாசலில் கேட்டாள். வராதவனுக்குத் துக்கம் கிடையாது என்று இமாம் சொல்லிவிட்டார். அவள் துக்கத்துக்கு வருகிறவர்களுக்கென்று காய்ச்சிவைத்திருந்த கசப்புக் காப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்றினாள். பதினாலு மாதம் அப்படிப் போயிற்று. கியாஸ் சிலிண்டர் வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, போயிற்று. லமீஸ் வேலைக்குப் போனாள், வலது பக்கமாகப் போய் வலது பக்கத்திலிருந்து வந்தாள். ஒரு நாள்கூட அழவில்லை. அழாததைப் பற்றிப் படிக்கட்டில் பெண்கள் பேசிக்கொண்டார்கள், அதுவும் அவளுக்குக் கேட்டது.

அவனை வரவைக்க ஒரே வழிதான் இருந்தது. புதிதாக வருகிறவனாக இடது பக்கத்திலிருந்து வரவைக்கவேண்டும். அப்படியானால் வீட்டிலிருந்து ஒருவர் வலப்பக்கம் போகவேண்டும், போனவரின் இடத்தில் அவன் இருப்பான், ஆகவே போனவர் திரும்ப முடியாது. "நான் போறேன்," என்றாள் உம்மு ஃபவ்வாஸ். "எழுபத்திநாலு ஆச்சு. அங்க அவரு தனியாப் பல்லு விளக்கிட்டுக் கெடக்காரு." லமீஸ் சம்மதிக்கவில்லை. அனுப்பியது நான், போகவேண்டியதும் நான் என்றாள். "அவன் வந்து யாரோட இருப்பான்? என்னோடயா? எங்கிட்ட அவன் பத்து வயசுலயே பேசி முடிச்சுட்டான்," என்றாள் கிழவி. இப்படி ஒரு வாரம் இருவரும் நான்தான், நான்தான் என்று மல்லுக்கட்டினார்கள். எட்டாம் நாள் லமீஸுக்கு ஒன்று தோன்றியது. ஒருவர் போய் ஒருவர் வரும் அந்த நகர்வின்போது மட்டும் இரண்டு பேருமே திரையில் இருப்பார்கள். முந்நூறு மில்லிநொடிதான், ஆனால் இருப்பார்கள். அந்த நேரம் யாருடைய வேலை? அவளுடைய வேலை.

நேரம் எழுதும் கட்டத்தில் அவளால் போட முடிந்த மிகப்பெரிய எண் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்துநான்கு லட்சத்து எண்பத்துமூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. அதற்குமேல் ஒன்று கூட்டினாலும் கட்டம் வாங்கவில்லை. மில்லிநொடியை நாளாக்கினால் இருபத்துநான்கு நாள், இருபது மணி, முப்பத்தொரு நிமிடம், சில்லறை நொடிகள். ஜிர்யெஸ் நெற்றியைத் தேய்த்தார். "இவ்வளவு மெதுவா யாரும் வெச்சதில்ல," என்றார். "யாருக்கும் தேவைப்படல," என்றாள் அவள். ஒரு வியாழக்கிழமை நடுப்பகலில், போகிறவர் தான், வருகிறவன் அவன் என்று பெயர் எழுதி, கண்ணாடிக் கட்டத்தில் சரிக்குறி போட்டுவிட்டு, ஒன்றுக்கு மூன்று முறை பார்த்துவிட்டு, திரையைத் தள்ளினாள்.

முதல் நாள் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. சாயங்காலம் பார்த்தால் கூடத்தின் இடது சுவரோரம் தரையிலிருந்து கூரைவரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டைக் கை, பாதி மடித்தபடி. கோடு நாளைக்கு ஒரு சாண் நகர்ந்தது. அதன் இடப்பக்கம் ஃபவ்வாஸின் வீடு வந்துகொண்டிருந்தது, வலப்பக்கம் லமீஸின் வீடு போய்க்கொண்டிருந்தது. அவள் தன் நாற்காலியைத் தன் பக்கத்தின் இடது ஓரத்துக்கு இழுத்துப்போட்டாள், அவன் தன் பக்கத்தின் வலது ஓரத்தில் உட்கார்ந்தான். முழங்காலும் முழங்காலும் ஒட்டியிருந்தது. கை மட்டும் கோட்டைத் தாண்டும். காலெடுத்து வைத்தால் தரை அவரவர் பக்கத்துக்கே திருப்பிவிட்டது. கிழவியின் பெயர் இந்த நகர்வில் இல்லாததால் அவள் பாட்டுக்கு இரு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தாள், தட்டுகளை எடுத்துக்கொண்டு.

"எவ்ளோ நேரமாச்சு?" என்றான் ஃபவ்வாஸ். அதுதான் அவன் முதல் பேச்சு.

"பதினாலு மாசம்."

"ஆபீஸ்ல சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்." பிறகு கேட்டாள், "அங்க என்ன இருக்கு?"

"எல்லாம் உறை பிரிக்காம இருக்கு. யாருக்கும் பேரு கெடையாது. வரிசையில நில்லுன்னாங்க, நின்னேன்."

ஒன்பதாம் நாள் அவள் தொட்டிலைப் பற்றிக் கேட்டாள். அதைப் பார்த்தால் நீ தாங்கமாட்டாய் என்று நினைத்தேன் என்றான். "நான் தாங்குவனா மாட்டனான்னு நீ யாரு முடிவு பண்ண?" என்றாள். அப்போது ஆரம்பித்தது சண்டை. இருபத்தொரு மாதம் பேசாத பேச்சு, பழைய கல்யாணச் சமாச்சாரம், அவன் தங்கை சொன்னது, இவள் அம்மா சொல்லாதது, எல்லாம் வந்தது. மேல்வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு பால்கனியிலேயே துணி காயப்போட்டாள். "மெதுவாப் பேசுங்கடா, கோடு கலங்கிடப் போவுது," என்றாள் கிழவி. லமீஸுக்குக் கோபம் வந்தது. கோபம் வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, கன்னத்தில் உணர்ச்சி திரும்பும்போது முதலில் வலிப்பதுபோல. இருபதாம் நாள், சண்டை ஓய்ந்து இருவரும் ரொட்டியைப் பிய்த்து எண்ணெயிலும் ஸஅத்தர் பொடியிலும் தொட்டுத் தின்றுகொண்டிருந்தபோது, அவள் கேட்டாள்.

"அந்த வரிசையில குழந்தைங்க இருந்தாங்களா?"

ஃபவ்வாஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு விழுங்கினான். இன்னொரு துண்டு ரொட்டியைப் பிய்த்தான்.

கடைசி நாள் கோடு வலது சுவருக்கு வந்துவிட்டது. லமீஸிடம் மிச்சம் இருந்தது இடது தோளும் பாதிக் கன்னமும் ஒரு கையும். முதுகுக்குப் பின்னால் விற்ற சோபாவின் வாசனை வந்தது, மாமனார் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. நகர்வு முடிவதற்குள் திரையை எதிர்த்திசையில் தள்ளினால் கோடு வந்த வழியே போகும், இது அவளுக்கும் தெரியும், அவளிடமிருந்து கேட்டு அவனுக்கும் தெரியும். ஆனால் திரை இடது சுவரில், ஆறு மீட்டர் தள்ளி, அவன் பக்கத்தில் இருந்தது. கிழவி போய்த் தன் காய்ந்த விரலால் அழுத்தினாள், எச்சில் தொட்டு அழுத்தினாள், திரை கண்டுகொள்ளவில்லை. லமீஸ் அவனிடம் தள்ளு என்று சொல்லவில்லை. அவனுக்கு இப்போது முழு வீடும் இருந்தது, அம்மா இருந்தாள், பதிவேட்டில் பெயர் வந்துவிட்டிருந்தது. போனால் போகிறேன் என்றுதான் அவளுக்கு இருந்தது. இல்லை, அப்படி இருக்கவில்லை. போகப் பிடிக்கவில்லை, வாயைத் திறந்து கேட்கவும் வரவில்லை, அவ்வளவுதான். நாலு நிமிடம் இருக்கும்போது ஃபவ்வாஸ் எழுந்து, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரை இருக்கும் சுவருக்கு நடந்தான். கட்டைவிரலால் எதிர்த்திசையில் தள்ளினான்.

"நீ கேட்டதுக்கு நான் இன்னும் பதில் சொல்லல," என்றான் அங்கிருந்தே.

அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. கோடு இடது சுவரை நெருங்கும்போது லமீஸ் கை நீட்டித் தள்ளுகிறாள், வலது சுவரை நெருங்கும்போது ஃபவ்வாஸ் தள்ளுகிறான். நகர்வு ஒரு முறையும் முடியவில்லை. மக்கள்தொகை எடுக்க வந்தவரிடம் கிழவி மூன்று பேர் என்றாள், அவர் கோட்டைப் பார்த்துவிட்டு மூன்று என்றே எழுதிக்கொண்டார். மேல்வீட்டுக்காரி கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து வாடகைத் தேதியைச் சொல்கிறாள், பெரும்பாலும் சரியாக இருக்கிறது. போன சுற்றில், கோடு கூடத்தின் நடுவே இருந்தபோது, ஃபவ்வாஸ் கேட்காமலேயே நிமிர்ந்து உட்கார்ந்து, "இன்னைக்குச் சொல்லிடுறேன்," என்றான். லமீஸ் கோட்டைத் தாண்டிக் கையை நீட்டி அவன் வாயைப் பொத்தினாள். "இன்னும் பன்னண்டு நாள் இருக்கு," என்றாள். அவன் தலையாட்டினான். அவள் கையை உடனே எடுக்கவில்லை.