கலந்தர் நானாவின் இடுப்பு

மாத்தளையில் யாரும் எனக்கு சலாம் மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. "இடுப்பு எப்படி நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நானும் லேசில் விடமாட்டேன். இரண்டு வருசத்துக்கு முன் பல்லேபொலையில் மிளகு மூட்டை தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்ட கதையை முதலிலிருந்து சொல்லி, என் மசாலாக் கடை மேசைக்குக் கீழிருந்து எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய பிறகே கிராம்பை நிறுப்பேன். நாவுலயிலிருந்து வரும் வியாபாரிகளுக்கு என் பிள்ளையின் பெயர் தெரியாது. என் முதுகெலும்பில் நாலாவதையும் ஐந்தாவதையும் நன்றாகத் தெரியும்.

பள்ளிவாசலில் கடைசி வரிசை ஓரத்துப் பிளாஸ்டிக் கதிரை எனக்குரியது. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் தொழ வந்த இடத்திலேயே எனக்குக் கோபம் வரும்.

வம்பு, மகள் நிப்லாவின் நிக்காஹ்வில் வந்தது. பெண் வீட்டிலிருப்பாள்; அவளுடைய வாப்பா பள்ளிவாசலில் தரையில் அமர்ந்து, எதிரே இருக்கும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "மகளைத் தந்தேன்" என்று சொல்ல வேண்டும். நான் கதிரையில் இருந்தபடி குனிந்து கை நீட்டினால் பிச்சை போடுவது போலல்லவா இருக்கும்! "எனக்குப் பதிலா தம்பி பஸ்லி சொல்லட்டும்" என்றேன்.

நிப்லா சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "சாச்சா சொன்னா அது சாச்சா தந்ததுதானே வாப்பா. எனக்கு நீங்க தரணும்."

அழுதுவிடுவேன் போலிருந்தது. இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன்.

மறுநாளே என் மனைவி றமீஸா என்னை ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்கு இழுத்துப் போனாள். அங்கே இருந்தது ஹம்சிகா என்றொரு பிள்ளை. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், முப்பது வயது கூட இருக்காது. இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், காலின் பலத்தைப் பார்த்தாள், முழங்காலில் தட்டினாள். பிறகு எதனாலெல்லாம் வலிக்கும் என்று கேட்டாள். குளிர்காற்று, சட்டைத் தையல், படுக்கை விரிப்பின் மடிப்பு, பக்கத்துக் கடையில் மூட்டை விழும் சத்தம் என்று அடுக்கினேன்.

"பக்கத்துக் கடையில மூட்டை விழுந்தா உங்களுக்கு வலிக்குமா?"

"பின்னே?" என்றேன், ஏதோ பட்டம் வாங்கியவன் போல.

குப்புறப் படுக்கச் சொன்னாள். "இப்ப இடுப்புல பஞ்சால தொடப் போறேங்க."

"யா அல்லாஹ்!" என்று கத்தினேன்.

"இன்னும் தொடலீங்க" என்றாள். திரைக்கு அந்தப் பக்கம் றமீஸா களுக்கென்று சிரித்தாள்.

எனக்கு வந்ததே கோபம்! எழுந்து செருப்பைத் தேடினேன். "அப்ப நான் நடிக்கிறேன்னு சொல்றீங்களா பிள்ளை?"

"இல்லீங்க. உங்க வலி நெசம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா காயம் எப்பவோ ஆறிடுச்சு. காவலுக்கு எழும்புன நரம்பும் மூளையும்தான் இன்னும் படுக்கல. பஞ்சைக் கூட மூட்டைன்னு நெனச்சு கத்துது. அது பழகிப்போன பழக்கம். கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பழக்கலாம்."

செருப்பைப் போடாமல் அப்படியே நின்றேன். இரண்டு வருசமாகச் சிலர் என் முதுகு உடைந்துவிட்டது என்றார்கள். சிலர் எனக்கு ஒன்றுமே இல்லை என்றார்கள். வலியும் உண்மை, முதுகும் உடையவில்லை என்று சேர்த்துச் சொன்னது அவள்தான்.

நிக்காஹ்வுக்கு ஏழு வாரம் இருந்தது. இரண்டு வருசமாகக் கட்டியிருந்த இடுப்புப் பட்டியைக் கழற்றச் சொன்னாள். தினமும் துவாய்த் துணியால் இடுப்பை மெதுவாகத் தடவ வேண்டும், நடக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும். தரையில் மணிக்கூட்டைப் பார்த்து இரண்டே நிமிசம் உட்கார வேண்டும். கொஞ்சம் வலித்தாலும் பதறி எழும்பக்கூடாது, வலிக்காவிட்டாலும் கூட்டக்கூடாது. நான் யார்? மூன்றாம் நாளே வீரம் காட்டிக் கால்மணி நேரம் உட்கார்ந்து, அடுத்த இரண்டு நாள் கட்டிலிலேயே கிடந்தேன். "ரெண்டுன்னா ரெண்டுங்க! நான் சொல்லித்தான் கூட்டணும்" என்று அந்தப் பிள்ளை ஏசினாள். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

ஆனால் உயிரை வாங்கிய மருந்து வேறு. "படத்தை வீட்டுல வச்சிடுங்க. கடையில இடுப்புப் பேச்சே வேணாம். மத்தவங்களையும் கேக்க வேணாம்னு சொல்லுங்க." சொன்னேன். அதற்குப் பிறகு ஆட்களிடம் என்ன பேசுவதென்றே எனக்குத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு நாவுல வியாபாரியிடம் வீட்டில் சுகமா என்று கேட்டேன். குழந்தை பிறந்திருக்கிறது என்றார். எப்போது என்றேன். பிறந்து எட்டு மாசமாம்! அந்த எட்டு மாசமும் வாரா வாரம் அவருக்கு எலும்பு காட்டியிருக்கிறேன்.

ஏழாம் வாரம் தரையில் உட்காருவதில் பன்னிரண்டு நிமிசத்துக்கு வந்திருந்தேன்.

நிக்காஹ் அன்று பள்ளிவாசலுக்குள் போனால், பஸ்லி பாசத்தோடு என் கதிரையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அதைப் பார்த்ததும் இடுப்பு இறுகியது. மூச்சை மெதுவாக விட்டுவிட்டு விரிப்பில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை அம்ஹரின் கை வியர்வையில் நனைந்திருந்தது. பாவம், இவருக்கும் பயம் என்று நினைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "என் மகள் நிப்லாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்" என்றேன். பிறகு மௌலவி ஓதிய துஆ நீண்டுகொண்டே போனது. எழுந்த பிறகுதான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிசம்.

பஸ்லி கதிரையோடு ஓடி வந்தான். "நானா, இடுப்பு எப்படி?"

கேட்டானே பாவி, அப்போதுதான் சுரீரென்று வலித்தது. "கதிரையில நீயே இரு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நிப்லா வாசலிலேயே நின்றாள். "யாரு சொன்னது வாப்பா? சாச்சாவா?"

"நான்தான் மகள்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். இந்த முறை இடுப்பைச் சாக்குச் சொல்லவில்லை.