வானத்துக்குப் பின்னால்

அதே பதினொரு பெட்டிச் சரக்கு வண்டி மூன்றாவது முறையாகக் குகையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. எதிரே நாற்பது பேர் நிற்கிறார்கள். பொம்மை ரயில் கண்காட்சி திறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் இந்த மனுஷனுக்கு என்ன அசட்டை?

அவள் கை பாட்டுக்குப் பாலத்தைக் காட்டியது, வாய் பாட்டுக்குப் பேசியது. "இந்தப் பாலத்தச் செய்ய எங்க வீட்டுக்காரருக்கு ஒன்பது மாசம் ஆச்சு. எங்க பொண்ணப் பெக்க எனக்கும் அவ்வளவுதான் ஆச்சு. ஆனா பாலத்தத்தான் ஊர் ஊராத் தூக்கிட்டு அலையிறாரு." எப்போதும் போலச் சிரித்தார்கள். இரண்டாவது சுற்றில் இதைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். அப்போது அவள் நீலப் பலகையைக் கட்டைவிரலால் காட்டி, "நம்ம டிரைவர் பின்னாடி தூங்கிட்டாரு போல, போன வண்டியே திரும்ப வருது பாருங்க" என்று சொல்லியிருந்தாள்.

அந்த நீலப் பலகைதான் வானம். அதற்கு முன்னால் நாலு மேசை நீளத்துக்கு ஒரு ஊர்: ஸ்டேஷன், கடைத்தெரு, ஆறு, பாலம், ஒரு கோடியில் குகை. எல்லாம் கட்டைவிரல் உயரம். வானத்துக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல், ஐந்து வண்டிகள் காத்து நிற்கும் ஷெட்டும், கண்ட்ரோலர் பெட்டியும், ஒரு முக்காலியும், அதில் அவள் கணவரும். ஒரு வண்டி சுற்றி முடித்து ஷெட்டுக்குள் நுழைந்ததும் அடுத்தது கிளம்ப வேண்டும். போன வண்டியே மறுபடி வரக் கூடாது. வண்டி இல்லாமல் தண்டவாளம் அரை நிமிஷத்துக்கு மேல் காலியாகக் கிடக்கக் கூடாது. "அரை நிமிஷம் சும்மா விட்டா ஜனம் அடுத்த மேசைக்குப் போயிடும். அவங்க மேல தப்பே இல்ல" என்பார். ஓட்டுகிறவன் கை ஊருக்குள் நீளக் கூடாது, தலை வானத்துக்கு மேலே தெரியக் கூடாது, பின்னால் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது, சத்தமாகப் பேசவும் கூடாது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட மேடைக்குப் பின்னால் ஒயர் தொங்குகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். வேலையில் இருந்த காலத்தில் லிஃப்ட் மெக்கானிக். சுவருக்குப் பின்னால் வேலை பார்த்தே பழகிய மனிதர்.

முப்பது வருஷத்தில் அவர் வண்டி மாற்ற மறந்ததே இல்லை. மூன்றாவது சுற்றில் கோபப்பட்டவளுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. குகையைப் பற்றிய கதை பாக்கி இருந்தது, அதைச் சொல்லி முடித்தாள். கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள். அப்புறம்தான் ஓரத்துத் திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

அவர் முக்காலியில் உட்கார்ந்து பக்கத்துத் தூணில் சாய்ந்திருந்தார். வலது கை கண்ட்ரோலர் திருகின் மேல் இருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒன்றாக அவர் எழுதி வளையத்தில் கோத்த அட்டைக் கட்டு மடியில் கிடந்தது.

அப்போது அவள் செய்ததை வேறு எந்தப் பெண்டாட்டியும் செய்திருக்க மாட்டாள். தலை வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்தாள். குனிந்தபடியே அவர் அருகில் போய், முன்னால் கேட்காத குரலில், "என்னங்க, கூட்ஸே சுத்திட்டிருக்கு. மாத்துங்க" என்றாள். "என்னங்க" என்று இன்னும் மெதுவாகக் கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். அவள் கிசுகிசுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சரக்கு வண்டி நாலாவது சுற்றையும் முடித்துவிட்டு அவர்கள் இருவரையும் தாண்டிப் போனது.

பிறகு கத்தினாள். முதலில் ஓடி வந்தவர் பல் டாக்டர். பல் பிடுங்குவது பிழைப்பு, ரயில் பைத்தியம் பொழுதுபோக்கு. அவள் கணவரை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் கூப்பிடுகிறவர். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தார். எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். பக்கவாட்டு வழியாக ஸ்ட்ரெச்சர் வந்தபோதும் வானத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம் கலையவில்லை. வண்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே. "பாலத்துல வருது பாரு, பாரு" என்று யாரோ யாருக்கோ காட்டுவது கேட்டது. டாக்டருக்கு அப்போதுதான் நினைவு வந்து மின்சாரத்தை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டர் கேட்டார்: "கடைசியா எப்பம்மா பேசினாரு?"

அவளுக்குக் கடிகாரக் கணக்கு வரவில்லை, சுற்றுக் கணக்குதான் வந்தது. "ஒரு சுத்துக்கு ரெண்டு நிமிஷம் டாக்டர். முத சுத்து சரியான சுத்து, அது அவர் அனுப்பினது. ரெண்டாவது சுத்துல நான் சிரிச்சிட்டிருந்தேன். மூணாவதுல கோவமா இருந்தேன். நாலாவதுலதான் போனேன்."

அவர் என்ன புரிந்துகொண்டாரோ, அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்மா. நீங்க பக்கத்துலயே இருந்திருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

தலையாட்டினாள். இருபத்திரண்டு வருஷம் அவளும் ஒரு ஆஸ்பத்திரியின் விசாரணை கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள்தான். இந்த வாக்கியத்தைச் சொல்லி எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறாள். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆறுதலுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியாதா?

மகள் வெளிநாட்டில் இருந்தாள். திங்கட்கிழமை காலையில்தான் வந்து சேர முடியும். அதுவரை அவரை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருப்பது என்று முடிவாயிற்று. சாயங்காலம் அவருடைய அக்கா ஒரு பையுடன் வந்து இறங்கினாள். வந்தவள் அழுதாள், முகம் கழுவினாள், அடுப்பைப் பற்றவைத்தாள். வீடு முழுக்க அவருடைய பொருள்கள் போட்டது போட்டபடி கிடந்தன. சாப்பாட்டு மேசை மேல், இன்னும் பெயின்ட் காயாத ஒரு தபாலாபீஸ். அதை நகர்த்தாமல் ஓரமாகத் தட்டுகளை வைத்து இருவரும் சாப்பிட்டார்கள்.

அவளை அரித்துக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று, அந்தச் சிரிப்பு. அவர் உயிர் போய்க்கொண்டிருந்தபோது அவரைத் தூங்குமூஞ்சி ஆக்கி நாற்பது பேரைச் சிரிக்க வைத்தாளே, அது. மற்றது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி.

அவர் தன் ஊரை, வண்டி ஓடும்போது, ஒரு தடவைகூட முன்னால் நின்று பார்த்ததில்லை. முப்பது வருஷமாக அவள் முன்னால், அவர் பின்னால். "ஒரே ஒரு சுத்து வந்து பாருங்களேன்" என்று கேட்காத கண்காட்சி கிடையாது. "நான் வந்துட்டா யாரு ஓட்டுறது?" என்பதுதான் பதில். அவளுக்கு ரயில் மேல் அப்படியொன்றும் ஆசை இல்லை. பாலத்தின் மேல் பாசஞ்சர் வரும்போது கீழே ஆற்றில் அதன் நிழல் கூடவே வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் அந்த ஆள் நிற்க வேண்டும், அவர் தோளில் இடித்து, "பாத்தீங்களா" என்று கேட்க வேண்டும் என்று இருக்கும். இவ்வளவுதான் கேட்டாள். இந்த வருஷம் எப்படியோ மனசு இரங்கினார். இரண்டு மாதம் பல் டாக்டரை உட்கார வைத்துப் பழக்கினார். "யோவ், பல்லப் புடுங்குற மாதிரி வண்டியப் புடுங்காதய்யா. ஆள் ஏறியிருக்கான்னு நெனச்சு ஓட்டு." கடைசியில், ஞாயிறு மூன்று மணிக்கு அரை மணி நேரம் டாக்டர் ஓட்டுவது, தான் முன்னால் வந்து அவளோடு உட்காருவது என்று ஒப்புக்கொண்டார். அவள் அதற்காக ஒரு சேலைகூட எடுத்து வைத்திருந்தாள். இந்த வயதில் இதென்ன கூத்து என்று தனக்குத்தானே வெட்கப்பட்டுக்கொண்டுதான்.

ஞாயிறு காலை பல் டாக்டர் போனில் கூப்பிட்டார். "அண்ணி, இப்ப இதக் கேக்கவே நாக்கு கூசுது. ஊரப் பிரிச்சு வேன்ல ஏத்தவா, இல்ல துணியப் போட்டு மூடி வைக்கவா? ரெண்டுல எதுனாலும் சரின்னு கண்காட்சிக்காரங்க சொல்றாங்க."

"ரெண்டும் வேண்டாம் டாக்டர். நான் மூணு மணிக்கு வர்றேன்."

அடுப்படியிலிருந்து அவருடைய அக்கா வெளியே வந்தாள். "எங்க கெளம்பற?"

"கண்காட்சி ஹாலுக்கு."

"என் தம்பி அங்க ஐஸ்ல கெடக்கான். நீ பொம்ம ரயிலு பாக்கப் போறியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும்க்கா. அவர் என்கூட மூணு மணிக்கு உக்கார்றேன்னாரு. எனக்கு இங்க இருக்க முடியல." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "எனக்கு அவர் வேணும்க்கா. வேற ஒண்ணும் வேணாம், பக்கத்துல வந்து உக்காந்தாப் போதும்."

அக்கா உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. அவள் செருப்பு மாட்டும்போது அக்கா ஒரு ஃபிளாஸ்கைக் கொண்டுவந்து நீட்டினாள். "டீ. காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. அங்க பின்னாடி உக்காந்து குடிக்காத, அவனுக்கு ஆகாது. வெளிய வந்து குடி."

ஹாலில் முதல் நாளைவிடக் கூட்டம். டாக்டர் துணியை எடுத்து, ஊரைத் தூசி தட்டித் தயாராக வைத்திருந்தார். வானத்துக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். "அண்ணன் சொன்னபடியே போட்டேன் அண்ணி. நீங்க உக்காருங்க. நான் பின்னாடி போறேன்."

அவள் நாற்காலிகளைப் பார்த்தாள். அதில் ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கத் தன்னால் ஆகாது என்று தெரிந்தது. "நீங்க முன்னாடி நில்லுங்க டாக்டர். ஜனங்க கேட்டா பதில் சொல்லுங்க. நான் ஓட்டுறேன்."

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"அட்டையில எழுதியிருக்காரே."

திரையை விலக்கி உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய கால்கள் நீளம், அவளுக்குத் தரை எட்டவில்லை. அட்டையில் அவருடைய கொட்டை எழுத்து: 'பாசஞ்சர். இரண்டாவது பாதை. மெதுவாக.' சுவிட்சைத் தட்டிப் பாதையை மாற்றினாள், திருகைத் திருப்பினாள். பாசஞ்சர் ஒரு குலுக்கலோடு கிளம்பி, பலகையில் இருந்த ஓட்டை வழியே அந்தப் பக்கம் போய்விட்டது.

போனதும் ஒன்றுமே தெரியவில்லை. இதை அவள் எதிர்பார்க்கவில்லை. எங்கோ ஒரு சந்து இருக்கும், அது வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். ஒரு சந்தும் இல்லை. கண்ணுக்கு முன்னால் பூச்சில்லாத பலகை, ஒயர்கள், பென்சிலில் எழுதிய நம்பர்கள். ஊரும் இல்லை, ஆறும் இல்லை, பார்க்கிறவர்களும் இல்லை. முப்பது வருஷம் இந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா மனுஷன்?

ஆனால் எல்லாம் கேட்டது. வண்டி பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறியது, இறங்கியதும் மறுபடி மாறியது. பலகை மெல்லியது. முன்னால் ஒரு பெண் கைப்பையைத் திறப்பதுகூடக் கேட்டது. டாக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச ஆரம்பித்ததும் பக்கத்தில் நின்று பேசுவது போலிருந்தது.

அப்படியானால் நேற்றும் கேட்டிருக்கும். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும், 'ஒன்பது மாசம்', 'தூங்கிட்டாரு போல', எல்லாம். அந்த நேரத்தில் அவருக்கு உயிர் இருந்திருந்தால் கடைசியாகக் கேட்டது அதைத்தான். கூடவே, அவர் காதில் கடைசியாக விழுந்தது தன் குரல்தான் என்பதும் தோன்றியது. இதில் எதைப் பிடித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாகத் தன்னைப் பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்று ஏங்கிக்கொண்டிருந்தவள், இந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவரிடமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கத் தோன்றவே இல்லையே.

"சார், இது தானா ஓடுதா?" முன்னால் கைப்பைப் பெண்ணின் குரல்.

"தானாவா?" டாக்டருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டிருந்தது. "தானா ஓடுறதுக்கெல்லாம் இவ்வளவு அழகு வராதும்மா. பின்னாடி எங்க அண்ணன் உக்காந்திருக்காரு."

சொல்லிவிட்டு அவர் மறுபடி தொண்டையைக் கனைத்துக்கொள்வது கேட்டது. "அப்படியா" என்றாள் அந்தப் பெண். கூட்டத்தில் யாரோ நல்லா இருக்கு என்றார்கள்.

பாசஞ்சர் சுற்றி முடித்து ஷெட்டுக்குள் வந்தது. திருகைக் குறைத்து அதை நிறுத்தினாள். அடுத்த அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று உடனே படிக்க முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள்.

முன்னால் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. அரை நிமிஷம் தாண்டியது, ஒரு நிமிஷமும் தாண்டியது. யாரும் நகர்ந்து போகிற சத்தம் கேட்கவில்லை.